நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர்

தண்ணீரின் அருமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கிளைவ் பென்ஹாலோவுக்குச் சாப்பாட்டு நேரம்கூட மறந்துபோகும். கோல்பர்ன் ஊரின் பௌலிங் கிளப்பில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவருக்கென்று ஒரு மேஜை உண்டு. அங்கே உட்கார்ந்து, அணை வற்றி ஊரே விக்கித்து நின்ற அந்த வருஷங்களில் தான் ஒரு வாளியில் நின்று குளித்து அதே தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றிய கதையைச் சொல்வார். அந்த வருஷங்களில் பாதியை அவர் குவீன்ஸ்லாந்தில் தங்கை வீட்டு நீச்சல் குளத்தின் ஓரத்தில் கழித்தார் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். பீர் வாங்கித் தருகிறவரிடம் அதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

ஊரில் அவருக்கு நான்கு வாடகை வீடுகள். நான்கிலும் குளியலறைச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'நான்கு நிமிடம் போதும். பூமி உங்களுக்கு நன்றி சொல்லும்.' அதற்கு நேர் மேலே, முப்பது வருஷத்துக்கு முந்தைய ஷவர், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்தில்.

அந்த நான்கு வீடுகளையும் அவர் சார்பில் பார்த்துக்கொண்டது டீகன் விட்டேக்கர். வயது முப்பத்தொன்று. பிரதான வீதியிலிருந்த வீட்டுத் தரகு அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக வேலை. வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் அதைக் கொஞ்சம் மரியாதையான வார்த்தையில் போட்டுக் குடியிருப்பவருக்கு அனுப்புவதுதான் அந்த வேலை. 'அந்தப் பொம்பளை தண்ணியைக் கொட்டிக் கொட்டிக் குளிக்கிறா' என்று கிளைவ் போனில் கத்தினால், 'தங்கள் நீர்ப் பயன்பாடு வழக்கத்தைவிட அதிகமாக உள்ளதைக் கனிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று கடிதம் போகும். டீகன் இந்த மொழிபெயர்ப்பில் கெட்டிக்காரி. அதைப் பற்றி அவளுக்குப் பெருமைகூட இருந்தது, அந்த ஜூன் மாதம்வரை.

அப்படியொரு கடிதம் கிடைத்த மறுநாள், அந்த நான்கு வீடுகளில் ஒன்றில் குடியிருந்த நொலீன் டக்கெட் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக் கேன்டீனை நடத்துகிறவள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"இது நீ எழுதினதா கண்ணு, இல்ல அந்த ஆளு சொல்லச் சொல்ல எழுதினியா?"

"ஆபீஸ் கடிதம்தான் நொலீன். எல்லாருக்கும் இப்படித்தான் போகும்."

"எல்லார் வீட்லயும் தீயணைப்பு வண்டிக் குழாயை ஷவர்னு மாட்டி வெச்சிருக்கா? அதுக்குக் கீழ நின்னா மூச்சு முட்டுது எனக்கு. நேத்து கேன்டீன்லருந்து கோடு போட்ட வாளி கொண்டுபோனேன். என் பையன் வெய்ன் வாட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நிமிஷத்துக்கு இருபத்தொரு லிட்டர். சட்டம் எவ்வளவு சொல்லுது தெரியுமா?"

டீகனுக்குத் தெரியும். ஒன்பது. ஷவரோ, சமையலறைக் குழாயோ, முகம் கழுவும் குழாயோ, நிமிடத்துக்கு ஒன்பது லிட்டருக்கு மேல் கொட்டக் கூடாது. எங்கும் கசிவு இருக்கக் கூடாது. கழிப்பறைத் தொட்டியில் பாதித் தண்ணீருக்கு ஒன்று, முழுதுக்கு ஒன்று என்று இரட்டைப் பொத்தான் வேண்டும். வீட்டுக்குத் தனி மீட்டர் வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் வீட்டுக்காரர் தண்ணீருக்கான கட்டணத்தைக் குடியிருப்பவர் தலையில் கட்டலாம். இல்லையென்றால் அது அவர் செலவு.

"அப்ப இத்தனை நாளும் எதுக்கு நான் கட்டினேன்?" என்றாள் நொலீன். "என் காசுல அவர் பூமிக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்தாரா?"

டீகனின் முதலாளி கார்த் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பதும், தன் பெயர் அடிபடாவிட்டால் கதவைச் சாத்திக்கொள்வதும் அவர் வழக்கம். இப்போதும் சாத்திக்கொண்டார்.

டீகன் கிளைவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஒரு புது ஷவர், குழாய்களின் வாயில் மாட்டுகிற சின்னச் சல்லடைகள், கழிப்பறைக்குப் புதுத் தொட்டி. பிளம்பர் வந்தால் அரை நாள் வேலை.

"அதெல்லாம் முடியாது" என்றார் கிளைவ். "இது பணப் பிரச்சினை இல்ல டீகன், கொள்கைப் பிரச்சினை. நல்ல ஷவர் அது. அந்தக் காலத்துச் சாமான். சிக்கனம்ங்கறது மனுஷன் மனசுல வரணும், சட்டம் போட்டா வரும்?"

"மனசுல வந்ததை மீட்டர்ல காட்ட முடியாதே கிளைவ்."

"இன்ஸ்பெக்ஷன் போடு. நீயே அளந்து பாரு. ஒன்பதுக்கு மேல போனா நான் மாத்தறேன். போகலைன்னா அவ வாயை மூடிக்கிட்டுக் கட்டணும்."

அவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதே டீகனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. ஒரு வேலை ஒழிந்தது என்றுதான் நினைத்தாள்.

ஜூலை இரண்டாம் வாரம், அந்த ஊரின் நடுக் குளிர்காலத்தில், தேதி வைத்தார்கள். காலையில் புல்வெளிகளெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்து, மதியம் மூன்று மணிக்கும் நிழல் பக்கம் கரையாமல் இருந்தது. டீகன் அளவு குறித்த பிளாஸ்டிக் பையோடு போனாள். கிளைவின் வண்டி ஏற்கெனவே வாசலில் நின்றது. அவர் தோட்டத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோஜாச் செடிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. "நான் வந்தா அளவுல குறுக்கிட்டேன்னு சொல்வாங்க" என்றார், நியாயஸ்தரைப் போல.

நொலீன் அப்போதுதான் கேன்டீனிலிருந்து வந்திருந்தாள். குளியலறை வாசலில் நின்றுகொண்டு ஷவரைத் திறந்துவிட்டாள். திறந்தவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கியது.

டீகன் பையைப் பிடித்தாள். ஆறு லிட்டர். சமையலறைக் குழாய் ஐந்தரை. முகம் கழுவும் குழாயும் அப்படித்தான்.

"நேத்து ராத்திரி இது கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு" என்றாள் நொலீன். "வெய்னைக் கேளு."

"நான் இன்னிக்கு என்ன வருதோ அதைத்தான் எழுத முடியும் நொலீன்."

"எழுது. நான் உன்னைக் குத்தம் சொல்லலை. என்னமோ நடந்திருக்கு."

கழிப்பறைத் தொட்டியின் மூடியைத் திறந்தால், தண்ணீர் குறைவாகப் பிடிக்கட்டும் என்று உள்ளே ஒரு செங்கல் கிடந்தது. பழைய ஒற்றைக் கைப்பிடித் தொட்டி. 'வீட்டுக்காரர் நீர் குறைப்பு நடவடிக்கை எடுத்துள்ளார்' என்று டீகன் படிவத்தில் எழுதினாள். செங்கலை அப்படிச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தபோது கிளைவ் வேலியோரம் மண்டியிட்டிருந்தார். மீட்டர் பெட்டியின் மூடி பக்கத்துப் புல்லில் கிடந்தது. முழங்கைவரை கையை உள்ளே விட்டு, வீட்டுக்குள் போகும் தண்ணீரின் பெரிய வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். அடைக்கும் பக்கம். டீகனின் காலடி கேட்டதும் நிமிர்ந்தார். கால்சட்டை முட்டியில் ஈரம்.

"எவ்வளவு வந்துச்சு?"

"ஆறு."

"பாத்தியா" என்றார். அந்த முகத்தில் துளி வெட்கம் இல்லை. கடைசியாக ஒரு கால் திருப்பு திருப்பிவிட்டு மூடியை வைத்தார். "ஏதாவது கசியுதான்னு பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

ஆறு போதாது அவருக்கு. நாலு வந்தால் இன்னும் நல்லது என்று பட்டிருக்கிறது. வீட்டின் கழுத்தைப் பிடித்து இறுக்கிவிட்டு, அதற்குச் சிக்கனம் என்று பெயரும் வைத்துக்கொண்ட மனிதர், கையை உதறிக்கொண்டு எழுந்து, டீகனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். டீகன் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். திரும்பப் போய்க் கதவைத் தட்ட இருபது அடிதான். ஹீட்டரைப் போட்டாள், கண்ணாடியில் படிந்திருந்த ஆவி போகும்வரை காத்திருந்தாள், அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். படிவத்தை கார்த்தின் மேஜையில் வைத்தாள்.

நொலீன் வீட்டில் அன்று இரவே வெந்நீர் நின்றுபோனது. வெளிச்சுவரில் மாட்டியிருந்த கேஸ் ஹீட்டர் அந்த வகை; தண்ணீர் ஓரளவு வேகமாக ஓடினால்தான் உள்ளே தீப் பிடிக்கும். நூல் மாதிரி ஓடினால் அதற்குத் தண்ணீர் வருவதே தெரியாது. நொலீன் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அலுவலகம் கிளைவுக்குப் போன் செய்தது. ஹீட்டர் புதுசு, அவளுக்குத்தான் உபயோகிக்கத் தெரியவில்லை, பச்சைத் தண்ணீரில் குளித்தால் நான்கு நிமிடம் தானாகவே போதும் என்று கிளைவ் சொன்னார். அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை டீகன் நொலீனுக்குத் தெரிவித்தாள்.

ஒன்பது நாள். கோல்பர்ன் ஜூலையில் ஒன்பது நாள். கெட்டிலில் கொதிக்க வைத்து, வாளியில் கலந்து, விடியற்காலை ஐந்தரைக்கு நொலீன் உடம்பைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். டீகன் ஒவ்வொரு காலையும் தன் வீட்டில் வெந்நீரைத் திறக்கும்போது அதை நினைத்தாள். நினைத்துவிட்டுக் குளித்தாள். சொல்லலாம், ஒரு போன் போதும். ஆனால் சொன்னால் அன்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நாள் போகப் போக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது.

பத்தாம் நாள் ஃபெர்கஸ் என்கிற பிளம்பர் போனார். ஹீட்டரைத் திறந்து பார்த்தார், மூடினார், நேரே மீட்டர் பெட்டிக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் வீட்டில் எல்லாக் குழாய்களும் அலறின.

"உன் ஹீட்டருக்கு ஒண்ணும் இல்ல நொலீன்" என்றார். "வீட்டைத்தான் யாரோ தூக்குல போட்டிருக்காங்க. வால்வு தானா இவ்வளவு மூடிக்காது. பேய் பிசாசு வந்து மூடினாலும் இவ்வளவு இறுக்கமா மூடாது."

அன்றைக்கே நொலீன் வாளியை மறுபடி எடுத்து ஷவரின் கீழ் வைத்தாள். இருபத்தொன்று. படம் எடுத்துக்கொண்டாள். அந்த வாரமே வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டாள்.

விசாரணைக்கு முந்தின நாள் கார்த் டீகனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நீ போய் படிவத்தைப் படி. அவ்வளவுதான். என்ன அளந்தியோ அது. கேக்காததுக்குப் பதில் சொல்லாதே."

"கேட்டா?"

"என்னன்னு கேட்பாங்க?"

அவருக்குத் தெரியும் என்று டீகனுக்கு அப்போது புரிந்தது. கிளைவ் கிளப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறார் போல. அதைப் பெருமையாகவே சொல்லியிருப்பார்.

"நாலு வீடு டீகன்" என்றார் கார்த். "நாலு வீட்டோட நிர்வாகம். யோசிச்சுக்கோ."

செப்டம்பர் மாதம் விசாரணை. நீதிமன்றக் கட்டடத்தின் பின்பக்கம் ஓர் அறை. வெளியே நீள பெஞ்சில் நொலீன் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு காகித உறை. வெய்னுக்கு லீவு கிடைக்கவில்லையாம். டீகன் எட்டி உட்காரப் பார்த்தாள். நொலீன் நகர்ந்து இடம் விட்டு, புதினா மிட்டாய் நீட்டினாள்.

"முகத்தைத் தூக்கி வெச்சுக்காத. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ வந்ததை அளந்தே, அளந்ததை எழுதினே. அந்தக் கிழவன் பண்ணின அயோக்கியத்தனத்துக்கு நீ என்ன பண்ணுவே?"

டீகன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். முழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நொலீன் திட்டியிருந்தால் படிவத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

கிளைவ் கோட்டு போட்டுக்கொண்டு, மூன்று வண்ணக் கோப்புகளோடு வந்தார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய தீர்ப்பாய உறுப்பினர், சிட்னியிலிருந்து வந்த ஓர் அம்மாள். சளி பிடித்திருந்தது, எதிரில் ஒரு பெட்டி நிறைய காகிதக் கைக்குட்டை. கிளைவ் எழுந்து நின்று ஆரம்பித்தார். நதி, அணை, வறட்சி, வரப்போகும் தலைமுறைகள். வாளியில் நின்று குளித்த கதை வந்தது. ரோஜாச் செடி வந்தது. வரைபடம் ஒன்றை விரித்தபோது அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிறுத்தினாள்.

"மிஸ்டர் பென்ஹாலோ, பூமியை அப்புறம் பாத்துக்கலாம். ஷவரைப் பத்திச் சொல்லுங்க. நிமிஷத்துக்கு எவ்வளவு?"

"ஆறு லிட்டர் மேடம். விதியைவிட மூணு குறைவு. தரகு அலுவலகமே அளந்தது."

"இவங்க படத்துல இருபத்தொண்ணு இருக்கே."

"அது வால்வை அவங்க இஷ்டத்துக்குத் திறந்துவிட்ட பிறகு."

"அப்ப அதுக்கு முன்னாடி மூடியிருந்துச்சா?"

கிளைவ் ஒரு கோப்பைப் புரட்டினார். "சரியான அளவுல இருந்துச்சு" என்றார். "யார் வெச்சாங்களோ, எனக்குத் தெரியாது. பழைய வீடு. எப்பவும் அப்படித்தான் இருந்திருக்கும்."

உறுப்பினர் டீகன் பக்கம் திரும்பினாள். "மிஸ் விட்டேக்கர், நீங்க அளந்தப்போ அந்த வால்வு எப்படி இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

கிளைவ் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், ஒரு நல்ல வேலைக்காரியைப் பார்ப்பதுபோல. அந்தத் தலையசைப்புதான் அவளைப் பேசவைத்தது என்று பிறகு அவள் நினைத்துக்கொண்டாள்.

"அளக்கும்போது பாக்கலை. அளந்து முடிச்சு வெளிய வந்தப்போ பாத்தேன். மிஸ்டர் பென்ஹாலோ பெட்டியைத் திறந்து அதை மூடிக்கிட்டு இருந்தார். ஏற்கெனவே முக்கால்வாசி மூடியிருக்கணும். எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டார். ஆறுன்னேன். இன்னும் கொஞ்சம் மூடினார்."

"இது உங்க படிவத்துல இல்லையே."

"இல்லை. நான் எழுதலை."

"ஏன்?"

"அவருக்கு எங்ககிட்ட நாலு வீடு இருக்கு" என்றாள் டீகன். அதைச் சத்தமாகச் சொல்லிக் கேட்டபோது, ஒரு மனுஷி ஒன்பது நாள் நடுங்கியதற்குக் காரணம் இவ்வளவு அற்பமா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கிளைவ் துள்ளி எழுந்தார். "இவ பொய் சொல்றா. கசிவு பாத்தேன் நான். மேடம், நாப்பது வருஷம் இன்ஷூரன்ஸ்ல இருந்தவன், எனக்குத் தெரியாததா..."

"உக்காருங்க" என்றாள் உறுப்பினர். பிறகு தும்மினாள். தீர்ப்பைச் சொல்ல அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. விதி குழாயைப் பற்றியும் ஷவரைப் பற்றியும் பேசுகிறது, அவை முழுதாகத் திறந்திருக்கும்போது எவ்வளவு தருகின்றன என்று. மீட்டர் பெட்டி வால்வை நெரிப்பதைப் பற்றிப் பேசவில்லை. செங்கல் இரட்டைப் பொத்தான் ஆகாது. இந்த வீடு விதிக்குப் பொருந்தாதது. பொருந்தும்வரை தண்ணீர்க் கட்டணம் கேட்கக் கூடாது, வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். வெந்நீர் இல்லாத நாட்களுக்கு வாடகையில் கழிவு.

கிளைவ் கோப்புகளை அள்ளிக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனார். ஒரு வரைபடம் கீழே விழுந்தது. எடுக்கத் திரும்பவில்லை.

வராந்தாவில் நொலீன் நின்றிருந்தாள். டீகன் அருகில் போனாள்.

"ஒம்பது நாள்" என்றாள் நொலீன்.

"தெரியும்."

"உனக்குத் தெரியும்ங்கறதுதான் இப்ப எனக்குத் தெரிஞ்சிருச்சே. அந்த ஆளு திருடன், அவன்கிட்ட நான் எதையும் எதிர்பாக்கலை. உனக்கு நான் மிட்டாய் குடுத்தேன்." காகித உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "உள்ள சொன்னதுக்கு நன்றி. அதுக்கு மேல இன்னிக்கு என்கிட்ட எதுவும் இல்ல."

கிளைவ் மறுநாளே நான்கு வீடுகளையும் கார்த்திடமிருந்து பிடுங்கி, வீதிக்கு எதிர்ப்பக்கத்து அலுவலகத்திடம் கொடுத்தார். அவர்கள் ஊர்ச் செய்தியை முன்பே கேட்டிருந்தார்கள். பிளம்பர் கையெழுத்து இல்லாமல் ஒரு வீட்டையும் எடுக்க மாட்டோம் என்றார்கள். ஆகவே ஃபெர்கஸ் நான்கு வீட்டுக்கும் போனார், ஷவரையும் தொட்டியையும் மாற்றினார், வீட்டுக்கு அரை நாள். கொள்கைக்காகப் போராடிய மனிதர் கடைசியில் அந்தப் பழைய ஷவர்களை இரும்புக் கடையில் போட்டாரா என்றால், அதுவும் இல்லை. இணையத்தில் 'அரிய பழங்காலப் பொருள்' என்று விற்பனைக்கு வைத்தார். இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. கிளப்பில் இப்போது அவருடைய பேச்சு சட்டங்கள் எப்படி நேர்மையானவர்களை நசுக்குகின்றன என்பதைப் பற்றி. பீர் இன்னும் அவர்தான் வாங்கித் தருகிறார். அதனால் இன்னும் கேட்கிறார்கள்.

கார்த் டீகனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று ஊர் கேட்கும். ஆறு மாதம் அவளோடு தேவைக்கு மேல் பேசாமல் இருந்தார். அவளுக்கு அது அப்படியொன்றும் தண்டனையாகத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து டீகன் நொலீனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். மறுமுனையில் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

"மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் நொலீன். "வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா. முந்நூறு சாண்ட்விச். உதவிக்கு வர்றேன்னு சொன்ன ரெண்டு அம்மாக்களும் கம்பி நீட்டிட்டாங்க. காலை ஏழு மணிக்குக் கேன்டீனுக்கு வா. முடியைக் கட்டிட்டு வா."

டீகன் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஏழுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போனாள். நொலீன் அவளை ரொட்டி அடுக்கின் முன் நிறுத்தி, வெண்ணெய்க் கத்தியைக் கையில் கொடுத்து, அடுப்படியில் இருந்த மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது டீகன். அந்தக் கிழவன் என் வீட்டு வால்வை மூடினதைப் பாத்துட்டு, பாக்காத மாதிரி வண்டியேறிப் போனவ இவதான்."

பெண்கள் டீகனை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக் கொட்டினாள். டீகனின் காது மடல்கள் சுட்டன. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"ஓரம் வரைக்கும் தடவு" என்றாள் நொலீன். "நடுவுல மட்டும் தடவி ஏமாத்தாத. பசங்க கண்டுபிடிச்சுருவாங்க."

டீகன் ஓரம்வரை தடவினாள். முந்நூறும் முடியப் பத்தரை ஆனது.